சாமி இல்லாத மலை

திருத்தணியில் பிறந்தவனுக்கு மலை என்றால் செருப்பைக் கழற்றும் இடம். அடிவாரம் வந்ததும் மூளையைக் கேட்காமலே கால் செருப்பை உதறிவிடும். ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் உள்ள காட்டு மலைக்கு என் அக்கா வீட்டுக்காரர், அதாவது பாவா, முதல் முறை என்னைக் கூட்டிப்போனபோதும் அதுதான் நடந்தது. புளியமரத்தடியில் செருப்பை ஜோடியாக விட்டுவிட்டு, முன்னால் போய்க்கொண்டிருந்த பாவாவின் பின்னால் பயபக்தியோடு ஏறினேன். சூரைமுள் குத்தியபோதுதான் இந்த மலையில் படியும் இல்லை, கோயிலும் இல்லை என்பது உறைத்தது. பாவா திரும்பி என் காலைப் பார்த்தார். பாறைமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் பாதி மலையிலிருந்து செருப்புக்காக இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏறினேன். அன்று அந்த மலையை ஒன்றரை முறை ஏறியவன் நான் ஒருவன்தான். அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பருவத்தையும் நாங்கள் விட்டதில்லை. பாவாவுக்கு அம்மையார்குப்பத்தில் விசைத்தறி. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் இருப்பவருக்குக் காட்டின் அமைதி தேவைப்பட்டது. எனக்குத் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் எனக்கு எது தேவை என்பதை என் சட்டை பட்டன்களே சொல்லும்.

ஊட்டி, கொடைக்கானல் என்று போய்வந்து போட்டோ காட்டுகிறவர்களிடம் நான் வாயே திறப்பதில்லை. பாவம், அவர்கள் ஒரே பருவத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். எங்கள் மலையைப் பங்குனியில் பார்க்க வேண்டும். இலையெல்லாம் உதிர்ந்து, மலை மொட்டையடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் புரச மரம் மட்டும் தலையெல்லாம் பூவாக எரியும். விடியுமுன் ஏறி, பாறை சுடுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஒருமுறை தாமதித்து, சூடேறிய பாறையில் உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்திலேயே நான் எழுந்ததைப் பாவா இன்றும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுவார். ஆடியில் காற்று நம் லுங்கியை நம்மிடம் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். மார்கழியில் பத்தடி முன்னால் போகும் பாவா பனியில் கரைந்துபோவார், இருமல் மட்டும் கேட்கும். ஆனால் ராஜா மழைக்காலம்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓடை பாறையிலிருந்து குதிக்கும். வழியெல்லாம் சீத்தாப்பழம், குரங்குகள் நமக்கு விட்டுவைத்தது மட்டும்.

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் இல்லாமல் யாரும் மலை ஏற மாட்டார்கள். ஆகவே திரும்பும் பஸ்ஸில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: அங்கே என்ன சாமி? ஒன்றுமில்லை, சும்மா போய்வந்தோம் என்று பாவா சொன்னால், எதையோ மறைக்கிறோம் என்பதுபோலப் பார்ப்பார்கள்.

போன ஆவணியில் பாவாவுக்கு நெஞ்சு வலி வந்தது. சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறியது, மனசு தேறவில்லை. தறிக்கூடத்து வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தவர், சேரோடு சேராகிவிட்டார். கார்த்திகை பாதி போனபோது அக்கா போன் செய்தாள்.

"டாக்டரு மெதுவா மலையே ஏறலாம்னு சொல்லிட்டாரு தம்பி. இவருதான் சேரை உட்டு எழுந்துக்க மாட்டன்றாரு. மழை முடியறதுக்குள்ள நீ வந்து இட்டுகினு போ. இந்தத் தடவை உட்டா அப்புறம் எப்பவும் இல்ல."

அது எனக்கும் தெரியும். இந்த மழைக்காலம் தவறினால் அந்தச் சேர்தான் அவருக்குக் கடைசி மலை.

மழை விட்ட ஒரு காலையில் போய் நின்றேன். பாவா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ போய்ட்டு வா மச்சான். நான் இங்க இருந்தே பாத்துக்கறேன்."

"நான் தனியா போனா வழி தப்பி ஆந்திராவுல எறங்கிடுவேன் பாவா. அப்புறம் அங்க வந்து என்னை இட்டுகினு வர்றதும் நீங்கதான்."

அக்கா புளிச்சோற்றுப் பையையும் மாத்திரையையும் என் கையில் திணித்தாள். பாவா எழுந்தார். மனம் வந்தல்ல, நான் தொலைந்துபோகக்கூடியவன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லாததால்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அவர் நிற்க வேண்டி வரும்போது கௌரவம் குறையக் கூடாது. ஆகவே கொஞ்சத்துக்கு ஒருமுறை நானே மூச்சு வாங்குவதுபோல நடித்து நின்றுவிடுவது. முதல் திருப்பத்தில் அருமையாக நடித்தேன். அவரும் நின்றார், வேறு பக்கம் பார்த்தபடி. இரண்டாவது திருப்பத்தில் நடிப்புக்கு வேலையே இல்லை. கண் இருட்டியது. ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பாவா வெகு நேரம் என்னைப் பார்த்தார்.

"டேய், நடிக்கிறியா?"

"கீழ நடிச்சேன் பாவா. இப்ப நெசம்."

அவர் முகம் கோணியது. பிறகு அதே பழைய சிரிப்பு, பாறைமேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சிரிப்பு. ஆவணிக்குப் பிறகு அதை நான் கேட்டதே இல்லை. ஒரு கழியை ஒடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர் முன்னால் நடக்க ஆரம்பித்தார். வழுக்குப் பாறையில் கை கொடுத்து என்னை மேலே இழுத்ததும் அவர்தான். ஸ்டென்ட் வைத்தவர் இழுக்க, வைக்காதவன் தொங்கிக்கொண்டு போனேன்.

ஓடை எங்களுக்காகக் காத்திருந்தது. கிழக்கே எங்கள் ஊர்க் கோயில் மலை கையளவு தெரிந்தது. வடக்கே ஆந்திரா முழுக்க நனைந்த மாந்தோப்பு. தண்ணீரில் காலை வைத்தபடி சாப்பிட்டோம். நடுவில் பாவா நெஞ்சில் கை வைத்ததைப் பார்த்து, கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தேன்.

"வலிக்குதா பாவா?"

"இல்லடா. ஓடுதான்னு பாத்தேன். நல்லா ஓடிகினு இருக்குது."

திரும்பும் பஸ்ஸில் ஒரு அம்மா எங்கள் சேற்றுக் காலைப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். அங்கே என்ன சாமி?

"சாமி இல்லீங்க," என்றார் பாவா. "எங்க மச்சானுக்கு ஒடம்பு சரியில்ல, மூச்சு எரைக்குது. நடக்கச் சொல்லிகிறாங்க. நான் தொணைக்குப் போய்ட்டு வரேன்."

மறுத்துப் பேச எனக்கு மூச்சு இல்லை, ஆசையும் இல்லை. அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, பாவா அம்மையார்குப்பம் வரை நின்றபடியே வந்தார்.