ஜெனிஷாவின் கட்டத்தில் ஒரு டிக்

ஒரு டிக் போட அரை நொடி போதும். அதை எடுக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது.

பஸ் கண்டக்டரில் தொடங்கி பக்கத்து வீட்டுச் சேவல் வரை வாராவாரம் எல்லோர் மீதும் இந்தப் பக்கத்தில் புகார் சொல்கிறவள் நான். இந்த வாரம் புகார் என் மீதுதான். சொல்லாமல் விட்டிருக்கலாம்... ஆனால் எங்கள் பள்ளிப் பெற்றோரில் இரண்டு பேர் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள். நான் எழுதாவிட்டால் அவர்கள் எழுதிவிடுவார்கள்!

புதிதாகப் படிப்பவர்களுக்காக — எனக்கு வீடு நாகர்கோவிலில். வேலை இனயம் பக்கத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில். இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள்.

வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்கும். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். மேலே அந்த வாரத்துக்கான இலக்குகள். திங்கள்கிழமை இலக்கை எழுதுவேன். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பார்த்து, முடித்தவர்களுக்குக் கட்டத்தில் டிக். பிறகு அதைப் போட்டோ எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். போட்டோ என் சொந்த யோசனை. யாரும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு வாரத்து இலக்குகள் மூன்று. ஒன்று, இருபதுக்குள் கழித்தல். இரண்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தல். மூன்று, கொம்பு உள்ள சொற்களை வாசித்தல். செடி, தேள், வெயில், கேணி — இப்படி.

ஜெனிஷா முதல் இரண்டையும் புதன்கிழமையே முடித்துவிட்டாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள். பட்டம், கிளி, முயல் எல்லாம் ஓட்டமாக வாசிப்பாள். கொம்பு வந்தால் சடன் பிரேக். வாயைத் திறந்தபடி என்னைப் பார்ப்பாள்.

வியாழக்கிழமை அவளே கேட்டாள்.

“டீச்சர், கொம்பு முன்னாலதானே நிக்கு? பின்ன எதுக்கு அதப் பின்னால வாசிக்கணும்?”

யோசித்துப் பாருங்கள். ‘தே’ என்று எழுதும்போது கொம்புதான் முதலில். வாசிக்கும்போது ‘த்’ முதலில், ‘ஏ’ அப்புறம். நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் வாசிக்கிறேன். எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது அப்படித்தான் மக்கா.” அதோடு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மற்றவர்களுக்கு டிக் போட்டு முடித்ததும் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தார். பார்வையிட ஓர் அதிகாரி வருகிறாராம். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், எல்லாம் நிறைஞ்சு ஒரு கட்டம் மட்டும் வெள்ளையா நிக்கே... பாக்கதுக்கு ஒருமாதிரி இருக்கு. பிள்ள அடுத்த வாரம் வாசிச்சிருவால்லா?”

“வாசிச்சிருவா.”

“பின்ன என்ன?”

அவர் போடச் சொல்லவில்லை. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கெட்ச் பேனா என் கையில் இருந்தது. போட்டேன். திரும்பினால் முதல் வரிசையில் ஜெனிஷா. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்தார். சார்ட்டைப் பார்த்தார், போனில் போட்டோ எடுத்தார். “வெரி குட்” என்றார். டீ குடித்தார். போனார். ஒரு பிள்ளையைக்கூட எழுப்பி வாசிக்கச் சொல்லவில்லை!

சாயங்காலம் வழக்கம்போல் போட்டோ குரூப்புக்குப் போனது.

அடுத்த புதன்கிழமை மதியம் ஜெனிஷாவின் அம்மா பிளோரா வந்தார். முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறவர். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் ஜெனிஷா பெஞ்சில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“டீச்சர், இவளுக்கு ரொம்பக் கொழுப்பாப் போச்சு. ஸ்கூல்ல வாசிக்கா, வீட்ல வாசிக்க மாட்டேங்கா. சனிக்கிழம இவ அப்பா வீடியோ கால்ல கூப்பிட்டாவ. நீங்க போட்ட போட்டோவப் பாத்து அவ்வளவு சந்தோஷம். ‘ஏட்டி மக்கா, தேள்னு வாசிச்சுக் காட்டு’ன்னு கேக்காவ... இவ வாயே திறக்கல்ல. அவியளுக்குச் சங்கடமாப் போச்சு. நான் ரெண்டு அடி வச்சேன்.”

ஜெனிஷாவின் அப்பா மஸ்கட்டில் பிளம்பர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். மகள் படிப்பதை அவர் பார்ப்பது எங்கள் குரூப்பில்தான்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இது: “அடிக்காதீங்க. நான் பாத்துக்கறேன்.”

பிளோரா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி!

பிறகு ஜெனிஷாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“அம்மாகிட்ட நீ சொல்லலியா, டீச்சர் சும்மா டிக் போட்டாங்கன்னு?”

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“ஏன் மக்கா?”

“சொன்னா உங்கள வழக்கு பேசுவாவல்லா.”

எங்கள் பக்கத்தில் வழக்கு பேசுவது என்றால் திட்டுவது. என்னை யாரும் திட்டிவிடக் கூடாது என்று ஏழு வயதுப் பிள்ளை இரண்டு அடி வாங்கியிருக்கிறது. நான் அதைக் கேட்டுவிட்டு மத்தியான வகுப்பை எடுத்தேன். கழித்தல் கணக்கு. நன்றாகவே எடுத்தேன். மனிதர்களுக்கு அப்படி ஒரு திறமை இருக்கிறது... மனசில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், வாய் பாட்டுக்கு வேறொன்றை நடத்திவிடும்.

வெள்ளிக்கிழமை வந்தது. புது சார்ட், புது இலக்குகள். பேனாவை எடுத்தேன். ஜெனிஷா பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“டீச்சர், இந்த வாரமும் எனக்கு டிக் போடுவியளா?”

“ஏன் கேக்குற?”

“போடாண்டாம் டீச்சர்.”

போட வேண்டாமாம். கெஞ்சுகிற குரல்கூட இல்லை. சோறு போதும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமையும் போயிருக்கலாம். ஞாயிறு சர்ச் முடிந்து எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். எனக்குத்தான் ஒரு நாளும் சரியான நாளாகத் தெரியவில்லை. திங்கள்கிழமை பள்ளி விட்டதும் ஜெனிஷாவோடு சேர்ந்து நடந்தேன். பத்து நிமிட நடை.

பிளோரா அப்போதுதான் ஆலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். உங்கள் மகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, தெரிந்ததாக நான்தான் டிக் போட்டேன், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

பிளோரா என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். திட்டவில்லை. போனை எடுத்தார்.

“இத இவ அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க.”

வீடியோவில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒரு முகம். டீச்சர் என்றதும் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ இரும்பை அறுக்கும் சத்தம். நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை.

“ரூம்ல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தேனே டீச்சர்...”

அவருக்குக் கோபம் இல்லை. கணக்கில் எங்கோ தப்பிவிட்டவர் போல அதையே இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் கேட்டார்.

“அப்போ... பிள்ள வேணும்னே வாசிக்காம இருக்கல்லியா?”

“இல்ல. அவளுக்கு நிஜமாவே தெரியாது.”

அறுக்கும் சத்தம் நின்றிருந்தது.

“நான் அன்னைக்கிருந்து அவகிட்ட பேசல்ல டீச்சர். பிள்ளைக்கு வாசி வச்சிட்டுதுன்னு நெனச்சேன். அவளக் கொஞ்சம் குடுங்க.”

வாசி என்றால் இங்கே பிடிவாதம். போனை ஜெனிஷாவிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன். உள்ளே அவர் என்ன பேசினார் என்று தெரியாது. ஜெனிஷா “ம்” கொட்டுவது மட்டும் கேட்டது. ஏழெட்டு “ம்”களுக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

பிளோரா என் பின்னாலேயே வந்தார்.

“டீச்சர், நீங்க வந்து சொன்னிய. அது கொள்ளாம், நல்லதுதான். ஆனா புதன்கிழமையே சொல்லியிருக்கணும்.”

“ஆமா.”

“நான் அன்னைக்கு வீட்ல போயி பின்னயும் ஒண்ணு வச்சேன்.”

பஸ் வரும் நேரம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையில் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

மறுநாள் பழைய சார்ட்டைத் தேடி எடுத்து அந்த டிக்கின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வரி: “ஜெனிஷாவுக்குப் போட்டது என் தவறு.” நாலைந்து பேர் கட்டை விரல் காட்டினார்கள். ஒருவர் கைகூப்பினார். ஓர் அப்பா மட்டும் எழுதினார்: “எங்க பிள்ளைக்குப் போட்டது சரிதானா டீச்சர்?”

நியாயமான கேள்விதானே? எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். இன்னும் நாலு டிக் உதிர்ந்தது. வெள்ளிக்கிழமை வாசித்ததைப் பிள்ளைகள் மறந்திருந்தார்கள். அந்த அப்பாவின் மகனும் அந்த நாலில் ஒருவன். தலைமையாசிரியை இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதிகாரி போனில் பழைய போட்டோ அப்படியே இருக்கிறதாம்.

ஐந்து பேரையும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்கார வைத்தேன். வழி கண்டுபிடித்தது நான் இல்லை. ஜெனிஷா இடது கை விரலால் கொம்பை மூடிக்கொண்டாள். ‘த’ என்றாள். விரலை எடுத்தாள். ‘தே’ என்றாள். மற்ற நாலு பேரும் அதைப் பார்த்து விரல் வைத்தார்கள். ‘கொ’வில் மறுபடி மாட்டினாள். முன்னால் கொம்பு, பின்னால் கால், மூட ஒரு விரல் போதவில்லை. அதற்கு இன்னும் ஒரு வாரம். மொத்தம் மூன்று வாரத்தில் ஐந்து பேரும் வாசித்தார்கள். சார்ட் இன்னும் தொங்குகிறது. அதில் எப்போதும் இரண்டு மூன்று கட்டங்கள் வெள்ளையாக இருக்கின்றன. போட்டோ எடுப்பதை விட்டுவிட்டேன்.

வாரம் என்பது பெரியவர்களுக்காகப் பெரியவர்கள் செய்துகொண்டது. திங்களில் தொடங்கி வெள்ளியில் முடிந்தால் நமக்கு நிம்மதி. ஒரு பிள்ளையின் தலைக்குள் ஓர் எழுத்து எந்தக் கிழமையில் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்?

நேற்று ஜெனிஷா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்.

“டீச்சர், இதுல நடுவுல ‘ள’ நிக்கே... அத மட்டும் எதுக்கு வாசிக்காண்டாம்?”

“தெரியல்ல மக்கா. பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். தெரியாதென்றால்... அதையும் எழுதலாம், ஒன்றும் ஆகிவிடாது.