நான் வைத்த வெங்காயச் சோறு

மூன்று வருஷங்களுக்கு முன்பு, மலையாளத்துக் கர்க்கடக மாசம், நம் ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். திருவனந்தபுரத்தில், கரமனையில் ஒரு வக்கீல் வீட்டில் என் அப்பா தோட்டக்காரர். நான் இண்டர்மீடியட் படித்துக்கொண்டே, சாயங்காலத்தில் வக்கீலின் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது வக்கீலிடம் விட்டுப் போனது. அப்பாவுக்கும் அதற்கும் ஆகாது. ஒரு தடவை அவர் கெண்டைக்காலைக் கடித்தும் வைத்தது.

வக்கீலின் தகப்பனாருக்கு வருஷத் திவசம் வந்தது. அதற்குள் வீட்டில் ஒரு வெங்காயம்கூட இருக்கக் கூடாது. கூடையிலிருந்த சின்ன வெங்காயத்தை எறிய மனமில்லாமல், வக்கீலின் மனைவி, மாமி, அத்தனையையும் வதக்கி, நாய்க்கென்று ஒரு சட்டியில் போட்டு, வீட்டுக்கு வெளியே கொல்லையில் ஒதுக்கி வைத்தார். பிறகு எல்லோரும் மடி. நாயின் தட்டைத் தொட ஆளில்லை.

"நீ கொஞ்சம் அதுக்குப் போட்டுடேன்டா, பாவம்" என்றார் என்னிடம்.

மூன்று நாள் நான்தான் சோற்றில் பிசைந்து வைத்தேன். அது தட்டை நக்கித் தீர்த்தது. எனக்கும் சந்தோஷம்.

திவசத்துக்கு மறுநாள் நாய் படுத்துவிட்டது. மூச்சு வாங்கியது. மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போயிற்று. வக்கீல் நேரே தோட்டத்துக்கு வந்து, பூஜைக்கு அரளி பறித்துக்கொண்டிருந்த அப்பாவின் கூடையைக் காலால் தள்ளினார்.

"கடிச்சதுக்கு வஞ்சம் தீர்த்துண்டியோ? அரளி வேரை அரைச்சுப் போட்டிருக்கே!"

"இல்ல ஏமானே. நான் அது பக்கத்துலயே போறதில்ல."

"சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்கோ. இல்லேன்னா போலீஸ்தான்."

அவர் போனதும் நான் அப்பாவிடம் போனேன். "கோவத்துல எதும் குடுத்தீரா? உள்ளதச் சொல்லும்" என்றேன்.

அவர் சிதறிய பூக்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "சோறு வச்சது நீயில்லா மக்கா? அத நான் அங்க சொல்லல. நீயும் சொல்லாத."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் மலையாளி. அதன் வெளுத்த ஈறைப் பார்த்ததும் கேட்டார்: "உள்ளி, வெங்காயம் வல்லதும் கொடுத்தோ?"

சொன்னேன்.

"மூணு நாளோ! எடோ, அது நமக்குக் கறி, நாய்க்கு விஷமாணு. ரத்தத்தையே உடைச்சுக் களையும்."

அரளியாக இருந்தால் இவ்வளவு நேரம் தாங்கியிருக்காது என்றும் சொன்னார். அன்று மத்தியானம் அங்கேயே அது செத்தது. அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வக்கீலிடம் நீட்டினேன். படித்தார். உள்ளே மாமி நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"சரி, தெரியாம நடந்துடுத்து. அவளுக்கு என்ன தெரியும், பாவம்! உங்கப்பன்கிட்டே சொல்லி மாமரத்தடியிலே குழி வெட்டச் சொல்லு."

அவ்வளவுதான். மாமி செய்தது தெரியாமல் நடந்தது. அப்பா செய்யாதது வஞ்சம்! கோர்ட்டில் அத்தனை பேசுகிற வாய்க்கு, 'தப்பாச் சொல்லிட்டேன்' என்ற ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பா மழையில் நனைந்துகொண்டு குழி வெட்டினார். மண்வெட்டியைப் பிடுங்கப் போனேன். தரவில்லை. "நீ போய் அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடு" என்றார். நான் போகவில்லை. அந்த வீட்டுப் படியை அதன்பின் மிதிக்கவும் இல்லை.

இன்றும் எங்காவது வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால் கோபம் தலைக்கு ஏறுகிறது. அதில் பாதி வக்கீல் மேல். மீதி, நாலெழுத்துப் படித்திருந்தும், ஒன்றையும் விசாரிக்காமல், வக்கீல் கேட்ட அதே கேள்வியை அப்பாவிடம் போய்க் கேட்ட என் மேல்.