மூன்று மைக்குகளுக்கு நடுவில் நான் சொன்னது

என் குரல் சின்னது. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தால்கூடக் கண்டக்டருக்குக் கேட்கும்படி சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர்தான் எனக்காகச் சத்தம் போடுவார். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அங்கேயும் நான் ‘உள்ளேன் ஐயா’ சொன்னது வாத்தியார் காதில் விழாமல், வரவில்லை என்று குறித்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்டவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததற்கு என் மருமகள்தான் காரணம்.

அவளுக்கு ஒலிப்பதிவு வேலை. திருமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கல்யாண வீடியோக்களுக்கும் விளம்பரங்களுக்கும் சத்தத்தைச் சரிசெய்து கொடுக்கிறாள். அதோடு வாரம் ஒருமுறை மூன்று பெண்கள் உட்கார்ந்து பேசுவதைப் பதிவுசெய்து, செல்போனில் யாரும் கேட்கிற மாதிரி விடுகிறாள். ஒருவர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை எடுத்து வந்து விற்கிறவர். என்னை மதினி என்பார். இன்னொருவர் சத்துணவுக்கூடத்தில் சமைத்து ஓய்வுபெற்ற அக்கா. மூன்றாமவர் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டதால் அந்த நாற்காலி காலியானது.

“எனக்கெதுக்குத்தா இதெல்லாம்? நான் தண்ணி கொண்டாந்து வைக்கிறேன்” என்றேன்.

“தண்ணியக் குடிக்க மூணாவது ஆளு வேணும்ல அத்தை, உக்காருங்க” என்றாள்.

நான் உட்கார்ந்ததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

எழுமலையில் எனக்கு உடன்பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். எங்கள் சின்ன வயதில் வீட்டில் இரண்டு பேரில் ஒருத்தி ஆடு மேய்க்க வேண்டும், ஒருத்திதான் பள்ளிக்கூடம் போகலாம் என்று ஆனது. இரண்டாம் வகுப்பிலேயே அவள் நின்றுகொண்டாள். நான் போனேன். பஸ் போர்டு படிப்பதும், இப்போது இதை எழுதுவதும் அதனால் வந்தது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லலாம் என்று துணிந்தபோது அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. போனில் நான் பேசினால் ஒன்றும் விளங்குவதில்லை. அவள் பேசவேண்டியதைப் பேசிவிட்டு வைத்துவிடுவாள். ஆனால் இரண்டு காதிலும் வயரை மாட்டி மருமகளின் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டால் ஒரு சொல் விடாமல் கேட்கிறாள் என்று அக்கா மகள் சொல்லியிருந்தாள்.

“சின்னக் குரலையும் உன் மிஷினு பெருசாக்குமா?” என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோல மருமகளிடம் கேட்டேன்.

“எம்புட்டுச் சின்னதுன்னாலும் ஆக்கும்” என்றாள்.

அவள் படுகிற பாடு மாடியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கு ஒரு மைக். மூன்றும் திறந்தே இருக்கும். பூக்காரர் வாயைத் திறந்தால் அவர் குரல் மூன்று மைக்கிலும் விழும். அதைச் சேர்த்துக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறமாதிரி இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுவாள். வேர்த்துக் கொட்டும். அப்படியும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் ஹைவே ஹாரனும் உள்ளே வந்துவிடும்.

அதற்காகக் கம்ப்யூட்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில பெட்டிகள் வைத்திருந்தாள். ‘கேட்’ என்று ஒன்று. பேச்சு இல்லாதபோது அந்த மைக்கைச் சாத்திவிடும். யார் பேசுகிறார்களோ அவருக்கு வழிவிட்டு மற்ற இருவரையும் கொஞ்சம் தாழ்த்துவது இன்னொன்று. சின்னச் சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமர்த்துவது கம்ப்ரசர். கடைசியில் லிமிட்டர், என்ன கத்தினாலும் ஒரு அளவுக்கு மேலே விடாது.

“எல்லாத்தையும் ஒண்ணே செய்யாதா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு மேலயே மொத்த வேலையையும் ஏத்துனா குரலக் கடிச்சுத் துப்பிரும் அத்தை. நாலுக்குப் பிரிச்சு, ஆளுக்குக் கொஞ்சமாக் குடுத்தா, வேலை நடந்ததே தெரியாது.”

கல்யாண வீட்டுச் சமையலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றி வந்தது. “மதினி, நீங்க ஒண்ணுஞ் சொல்லலையே” என்று பூக்காரர் என்னைப் பார்த்தார். அன்று எப்படியோ வாய் திறந்துகொண்டது. ஆடுகளை, அக்காவை, அவள் நின்றுகொண்டதை, எல்லாம் சொன்னேன். கடைசியில், “நான் படிச்ச அஞ்சு வகுப்பும் எங்க அக்கா குடுத்தது. அத இன்னைக்கு வரைக்கும் அவகிட்டச் சொல்லல” என்றேன். மற்ற இருவரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசினால் மற்றவர் உம் கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் மரியாதை இல்லை. நான் ஒவ்வொரு வரி முடிக்கும்போதும் ‘ம்’ என்றார்கள், ‘ஆமா’ என்றார்கள், ‘ச்சு’ என்று உச்சுக்கொட்டினார்கள். முடித்தபோது மனசு லேசாக இருந்தது.

மருமகள் அதைப் போட்டுக் காட்டினாள். என் குரலைக் காணோம். ‘ம்… ம்… ஆமா… ச்சு… ம்…’ என்று அறை நிறைய அவர்கள்தான் இருந்தார்கள். பின்னால் எங்கேயோ நான் நிழலாக ஓடிக்கொண்டிருந்தேன். அக்கா என்ற சொல்லில் பாதிதான் வந்தது.

“அடி ஆத்தி! நாந்தேன் எருமையாட்டம் ம்முங்கிறேன். மதினிய எங்கத்தா காணோம்?” என்றார் பூக்காரர்.

“நீ மட்டுமா? ஒனக்கு எதிர்ப்பாட்டு நான் பாடிருக்கேனே” என்றார் சத்துணவு அக்கா.

மருமகள் திரையைப் பார்த்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்தாள். “தப்பு என்னோடதுதான். நீங்க உம் கொட்டுறதையும் பேச்சுன்னு எடுத்துக்கிட்டு உங்களுக்கு வழி விட்டுருக்கு. அத்தையோடது சின்னக் குரலு, அதப் புடிச்சு அமுக்கிருச்சு. இன்னொருக்கா சொல்றீகளா அத்தை? நீங்க ரெண்டு பேரும் வாயவே தொறக்கக் கூடாது.”

மறுபடி உட்கார்ந்தோம். இரண்டு பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஒரு வரி சொன்னேன். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வரி சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு ஓடவில்லை.

“கேக்குறீகளா?” என்றேன்.

பூக்காரர் வேகவேகமாகத் தலையாட்டினார். கை வளையல் கலகலவென்றது. மருமகள் பதிவை நிறுத்தினாள்.

“உம் கொட்டாம ஒக்காரச் சொன்னா எனக்கு மூச்சு முட்டுதுத்தா. ஏதோ எழவு வீட்டுக்கு வந்தமாரி இருக்கு” என்றார் பூக்காரர்.

சோறு வடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். ஒரு தடவைதான் வந்தது அந்தப் பேச்சு. திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் நின்றபோது, அக்காவுக்கு இனி இது போய்ச்சேராது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் மருமகள் மேலே கூப்பிட்டாள்.

“பேசுனது பேசுனபடியே இருக்கு அத்தை. மேல போட்ட பெட்டிகதான் அமுக்குச்சு. எல்லாத்தையும் கழட்டிட்டு வேற மாதிரி போட்டுப் பாக்குறேன்.”

நான் பின்னால் உட்கார்ந்து துவைத்த துணியை மடித்தேன். முழுசாகச் சாத்துகிற கேட்டை எடுத்துவிட்டு, ஒருக்களித்து வைக்கிற மாதிரி ஒன்றைப் போட்டாள். சட்டென்று சாத்தாமல் கொஞ்சம் பொறுத்துச் சாத்தவும் வைத்தாள். யாருக்கு வழிவிடுவது என்பதில் என் மைக்குக்கே முதல் இடம் கொடுத்தாள். ‘ம்’ அளவு சத்தத்துக்கு மற்ற இரண்டும் அசையாதபடி செய்தாள். கம்ப்ரசரில் ஒன்றுக்குப் பதில் இரண்டு, இரண்டும் மெதுவாக. மத்தியானம் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள்.

என் குரல் பளிச்சென்று இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் அங்கே வேறு யாரும் இல்லை. ஆளில்லாத வீட்டில் சுவரைப் பார்த்து ஒருத்தி புலம்புகிறாள்.

“அவுக ரெண்டு பேரையும் எங்கத்தா கொண்டுபோன?”

“உம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். சுத்தமா இருக்குல்ல?”

“இம்புட்டுச் சுத்தம் வேணாம். யாரோ கேக்குறாகன்னுதேன் நான் பேசுனேன்.”

அவள் திரும்பி, அவர்களைத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தாள். என் பேச்சுக்குக் கீழே மெல்ல ‘ம்’ கேட்டது. அது போதும்.

“ஒரு இடம் மட்டும் தெளிவா இருக்கணும். அதுல வேற சத்தம் ஒண்ணும் வேணாம்” என்றேன்.

“எந்த இடம்?”

சொல்ல வெட்கமாக இருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோட்டில் அந்த இடம் வந்ததும் விரலை வைத்துக் காட்டினேன். அவள் ஹெட்போனை வாங்கி மாட்டி இரண்டு தடவை கேட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த ஒரு வரியில் மட்டும் பெட்டி எதையும் நம்பாமல், மற்ற இரண்டு மைக்கையும் கையாலேயே இறக்கினாள்.

திங்கட்கிழமை நிகழ்ச்சி வெளியே போனது. இரண்டு நாள் எழுமலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. புதன்கிழமை அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, ஊரு ஒலகத்துக்கே சொல்லிட்ட. தப்பால்ல சொல்லிருக்க? ஒனக்காகவா நான் நின்னேன்? அந்த வாத்தியாரு பெரம்பக் கண்டாலே எனக்கு ஆகாது. வீட்டுல நம்ம அய்யா கேக்குறதுக்குள்ள நானே முந்திக்கிட்டு ஆட்டப் பத்திட்டுப் போயிட்டேன். பெரிசாப் பேச வந்துட்டா! ஞாயித்துக்கெழம வா, கோழி அடிக்கிறேன்.” வைத்துவிட்டாள்.

அது நிஜமாகவும் இருக்கலாம். ஆடுகளோடு அவள் சிரித்துக்கொண்டுதான் போவாள். ஆனால் சாயந்தரம் என் சிலேட்டைப் பிடுங்கி, நான் எழுதிய எழுத்துக்கு மேலேயே விரலால் எழுதிப் பார்ப்பாள். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுப்படியில் அவள் மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

“சித்தி, நாலு நாளா எனக்கு வேலையே ஓடல. ஒங்க பேச்சப் போடச் சொல்றாக. அந்த அஞ்சு வகுப்புன்னு சொல்றீகள்ல, அதக் கேட்டு முடிச்சொடனே நிப்பாட்டச் சொல்லிட்டு, மறுபடி மொதல்ல இருந்து போடுங்குறாக.”

“அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு? எலையப் போடுங்கடி” என்று கூடத்திலிருந்து எங்களை எட்டிப் பார்த்து அக்கா சத்தம் போட்டாள்.

நான் போய் இலையைப் போட்டேன்.