அண்ணன் வழி மாற்றிய போகி

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஒரு வரி எழுதி அடுத்த வரிக்குப் போவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தச் சைக்கிள் வருகிற கோலம் மட்டும் மறக்கவில்லை. நடுக்கம்பியோடு சேர்த்து நீளவாக்கில் கட்டிய கரும்பு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். ஹாண்டில்பாரின் இரண்டு பக்கமும் வேரோடு பிடுங்கிய மஞ்சள் கொத்து. பின்னால் கேரியரில் ஒன்றன் மேல் ஒன்றாகத் துணி மூட்டைகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மஞ்சள் பாத்தி தானாக உருண்டு வருவது போல இருக்கும். அதற்கு நடுவில் எங்கேயோ அண்ணன் இருப்பார்.

நாங்கள் பிறந்த வீடு கீழப்பழுவூர்ப் பக்கம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் ஒருவர், பெண்கள் நாங்கள் மூவர். பெரியக்காவைச் செட்டிகுளத்தில் கொடுத்திருந்தது. சின்னக்காவைப் பெரம்பலூரில். கடைசியான என்னை அரியலூருக்கு மேற்கே மருதையாற்றங்கரையில் ஓர் ஊரில் கொடுத்தார்கள். பொங்கலுக்கு முன்னால் பெண்களுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்துவிட வேண்டும். புது அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய், கரும்பு, மஞ்சள். அந்த அரிசியும் அந்த வெல்லமும் விழுந்துதான் வாசல் பானை பொங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா இருந்தவரை வண்டி கட்டிக்கொண்டு நாலு நாள் போய்விட்டு வருவார். அண்ணனால் அறுப்பு நேரத்தில் மாட்டையும் விட முடியாது, வயலையும் விட முடியாது. அதனால் ஊர் மணியக்காரரின் சைக்கிளைப் போகி அன்று ஒரு நாளைக்கு மட்டும் இரவல் கேட்டு வாங்குவார். யுத்த காலம், டயர் கிடைக்காது. கிழிந்த இடத்தில் உள்ளே தோல் துண்டு வைத்துத் தைத்த டயர் அது. கருக்கலில் கிளம்பி, மூன்று ஊரையும் ஒரு வட்டமாகச் சுற்றி, இருட்டுவதற்குள் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வட்டம் எப்போதும் ஒரே வழிதான். வடக்கே அரியலூர், அங்கிருந்து மேற்கே பெரம்பலூர். பிறகு பச்சைமலை வலது கைப் பக்கம் நீலமாகக் கூடவே வர, செட்டிகுளம். அங்கே மலைமேல் இருக்கிற முருகனைக் கீழே நின்றே கும்பிட்டுவிட்டு, கிழக்கே திரும்பி ஆலத்தூர், கொளக்காநத்தம், கடைசியில் மருதையாற்றைத் தாண்டினால் நான். என்னிடம் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிடும். கரும்பின் தோகை ஒடிந்து தொங்கும். மஞ்சள் இலை வாடிப்போய்ப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். வெல்லம் நாள் முழுக்கக் குலுங்கி உடைந்திருக்கும். அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்.

அவர் தலை மறைந்ததும் என் மாமியார் ஆரம்பிப்பார். "ஏன்டி, உங்கண்ணன் ஊரெல்லாம் சுத்திட்டு மிச்சத்தத்தான் நம்ம வூட்ல கொட்டிட்டுப் போவாராக்கும்? இது கரும்பா, மாடு தின்னுட்டுப் போட்டதா?" என்பார். கெட்ட மனுஷி இல்லை. பக்கத்து வீடுகளுக்கு வந்த சீரைப் பார்த்துவிட்டு வந்த ஆற்றாமை அது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே யாரிடமும் எதுவும் கேட்கக் கூச்சம். அப்படிப்பட்டவள் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் தீபாவளிக்கு அண்ணன் வந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வருஷமாவது எனக்கு மொதல்ல கொண்டாண்ணே" என்று கேட்டுவிட்டேன்.

"அடேங்கப்பா! பாப்பாவுக்கு வாய் வந்துடுச்சே" என்று அண்ணன் சிரித்தார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். அவர் அந்த வழியை ஏன் அப்படி வைத்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. தை பிறக்கிற சமயத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அவர் வழியில் போனால் மூட்டை கனக்கும்போது காற்று முதுகில் தள்ளும். காற்று எதிரே வரும்போது மூட்டைகள் இறங்கியிருக்கும். பாலம் இல்லாத மருதையாற்றையும் என் ஒரு மூட்டையோடு மட்டும் தாண்டலாம். நான் கேட்ட ஒரு வார்த்தையில் இத்தனையும் தலைகீழாகிவிட்டது.

அந்தப் போகிக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே மணிச் சத்தம் கேட்டது. மஞ்சள் இலையில் பனி இருந்தது. கரும்பில் ஒரு தோகை ஒடியவில்லை. அச்சு வெல்லம் ஒன்றுகூட உடையவில்லை. மாமியார் வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, வாங்க! இந்த வருஷம் சூரியனுக்கு முன்னாடி நீங்க வந்துட்டீங்க" என்று வெல்லத்தைத் தாம்பாளத்தில் அடுக்கி, எதிர்வீட்டுக்காரி பார்க்கிற மாதிரி கூடத்தில் வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணனோடு ஆற்றுவரை போனேன்.

தொடை அளவு தண்ணீர் ஓடியது. அண்ணன் முதலில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் சாய்த்துவிட்டு வந்தார். பிறகு பெரியக்காவின் மூட்டை. மூன்றாவதாகச் சின்னக்காவின் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது நடு ஆற்றில் கால் வழுக்கியது. மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். எழுந்து அதைத் தூக்கிப் பிடித்தபோது அடியில் பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது. அக்கரைக்குப் போய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சத்தமாக, "வெல்லம் கொஞ்சம் கரைஞ்சிடுச்சு பாப்பா. இனிமே ஒங்க ஊர்த் தண்ணி இனிக்கும், போ" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

சின்னக்கா வாழ்க்கைப்பட்டது பெரிய குடும்பம். ஓரகத்திகள் மூன்று பேர், மூன்று பேருக்கும் சீர் வண்டியில் வந்து இறங்கும். எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியும். என் வீட்டுத் தாம்பாளத்தில் அச்சு வெல்லம் உடையாமல் இருந்ததும் தெரியும். வீடு கூப்பிடு தூரம். "இருண்ணே, வரேன்" என்று சொல்லி ஓடியிருந்தால் போதும். ஓடவில்லை. மாமியாரிடம் எப்படிக் கேட்பது, கூச்சம் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கூச்சம் மட்டும் இல்லை. முழுசாக வந்ததைக் கொடுக்க மனசு வரவில்லை. அண்ணன் ஈரத் துணியை மறுபடி முடிச்சுப் போட்டுக் கட்டுகிற வரைக்கும் குடத்தோடு நின்றேன். கிளம்பும்போது அவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

மாசியில் பிறந்த வீட்டுக்குப் போனபோது அண்ணி பிடித்துக்கொண்டார். "ஒன் பேச்சக் கேட்டு ஊரத் தலகீழா சுத்தினாரே, ரெண்டு நாளு கால் தரையில பாவல தெரியுமா?" என்றார். செட்டிகுளம் போவதற்குள் டயர் இரண்டு தரம் இறங்கியதாம். அங்கிருந்து பெரம்பலூர்வரை எதிர்க்காற்றில் ஏற முடியாமல் பாதி வழி தள்ளிக்கொண்டே போனாராம். விளக்கு வைத்த பிறகுதான் சின்னக்கா வீட்டு வாசலை மிதித்தாராம். சைக்கிள் மறுநாள் வந்ததென்று மணியக்காரர் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "சின்னக்கா வூட்ல என்னண்ணி சொன்னாங்க?" என்று கேட்டேன். "குடுத்துட்டு வந்தேன்னாரு. அதுக்கு மேல வாயத் தொறக்கல" என்றார் அண்ணி. அண்ணனிடம் கேட்டதற்கு, "எல்லாம் சரியாப் போச்சு பாப்பா" என்று மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த போகிக்கு யாரும் சொல்லாமல் பழைய வழியிலேயே வந்தார். சாயங்காலம்தான் வந்தார். ஒடிந்த கரும்பை வாங்கி நானே சுவரில் சாய்த்தேன். மாமியார் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

சின்னக்காவை எத்தனையோ விசேஷத்தில் பார்த்தேன். என்னிடம் எப்போதும் போலத்தான் பேசினாள். நான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் சீக்கிரம் எழுந்துவிடுவேன். கேட்டிருக்கலாம். இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று வருஷம் போய்விட்டது. அவளும் போய்விட்டாள், அண்ணனும் அண்ணியும் போய்விட்டார்கள். போன வருஷம் செட்டிகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் கூட்டிப்போனார்கள். ஆற்றைத் தாண்டி ஆலத்தூர் வழியாகப் போய், திரும்பும்போது பெரம்பலூர், அரியலூர் வழியாக வந்தோம். சிமெண்ட் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. மருதையாற்றில் பாலம் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. அவர் சுற்றிய வட்டத்தை ஒரு முற்பகலில் சுற்றி முடித்துவிட்டோம். சும்மா உட்கார்ந்து வந்ததற்கே எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வந்து படுத்தவள் மறுநாள்தான் எழுந்தேன்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். கொளக்காநத்தம் முதலில் வருமா ஆலத்தூர் முதலில் வருமா, யுத்தம் அந்தப் பொங்கலுக்கு நடந்துகொண்டிருந்ததா முடிந்துவிட்டதா, எனக்கு நிச்சயமில்லை. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றையும் யாராவது விசாரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். சின்னக்காவின் புகுந்த வீட்டு மனிதர்கள் இன்னும் பெரம்பலூரில்தான் இருக்கிறார்கள் என்று கேள்வி. அந்த வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால், ஒரு வருஷம் அண்ணன்காரர் இருட்டில் ஈர மூட்டையோடு வந்தாரே, மறுநாள் சின்னக்காவின் பானையில் யார் வீட்டு வெல்லம் விழுந்தது என்று கேளுங்கள்.