பச்சைக் கோடு போட்ட சீடி

சாய்ந்தமருதில் மசூரின் சீடிக் கடை ஒரு காலத்தில் பேர்பெற்றது. கைபேசியில் பாட்டு வந்தபின் அவர் சீடிகளை எடுத்துவிட்டு, அதே கடையில் கைபேசி உறைகள் விற்கத் தொடங்கினார். வீட்டில் மட்டும் பழைய பிளேயரை வைத்துக்கொண்டார்.

போன பெருநாளைக்கு டோஹாவிலிருந்து வந்த அவருடைய மனைவியின் தம்பி றஸாக் ஒரு பெட்டியைக் கொடுத்தான். சீடியின் மேல் வைக்க மெல்லிய கறுப்பு விரிப்பு, பிளேயருக்கு அடியில் வைக்கப் பித்தளைக் கால்கள், சீடியின் ஓரத்தில் பூசப் பச்சை மைப் பேனை.

"இதெல்லாம் போட்டா மறைஞ்சி கிடக்கிற சத்தமும் கேக்குமாம் மச்சான்."

எந்தச் சீடியில் சோதிப்பது என்று மசூர் யோசிக்கவேயில்லை. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், அவரும் ஆலையடிவேம்பில் இருந்த கூட்டாளி சுஜிந்தனும் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். மசூர் பாட, சுஜிந்தன் ஆர்மோனியம் வாசித்தான். ஆளுக்கொரு சீடி கிடைத்தது. மறுவருடம் சுஜிந்தன் கனடா போனான். கொஞ்சக் காலம் கதைத்தார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த மசூர் அந்தச் சீடியின் ஓரம் முழுக்கப் பச்சை பூசினார். கால்களை வைத்தார், விரிப்பைப் போட்டார். அமைதியாகக் கேட்கவேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்ததால் மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களையும் சாத்தினார்.

பாட்டுத் தொடங்குமுன் ஆர்மோனியத்தின் மூச்சு கேட்டது. அதற்குள்ளே தாழ்ந்த குரலில், "பயப்பிடாத, நான் இருக்கன்" என்றான் சுஜிந்தன்.

மசூர் தொடக்கத்திலிருந்து மீண்டும் போட்டுக் கேட்டார். இத்தனை வருடத்தில் அதை அவர் கேட்டதேயில்லை. "நஸீறா, இஞ்ச வா கா."

மனைவி வந்து கேட்டாள். பிறகு விரிப்பையும் கால்களையும் எடுத்துவிட்டுப் பாட்டை மறுபடியும் போட்டாள். குரல் அப்படியே இருந்தது.

"அப்ப பச்சை மைதான்" என்றார் மசூர்.

"கடையில ஒரே இரைச்சல், வீட்டில ஃபேன் சத்தம். நீங்க எப்ப இப்பிடி இருந்து கேட்டீங்க? வேணுமெண்டா அவருக்கிட்டக் கேட்டுப் பாருங்க. அவர்ர சீடியில மை இல்லத்தானே."

சுஜிந்தனின் அக்காவிடம் எண் வாங்கிக் கூப்பிட்டபோது கனடாவில் விடிந்திருந்தது. மசூர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"அது எண்ட சீடியிலயும் இருக்கு மசூர். உனக்குக் கையெல்லாம் நடுங்கினது. மறந்திட்டியா?"

"ஓம் மச்சான், மறந்திட்டன்."

அவன் வேலைக்குப் பிந்தும்வரை கதைத்தார்கள். பஸ்ஸில் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு போனது, சோதனைச் சாவடியில் இறக்கி வாசிக்கச் சொன்னது, திரும்பும்போது மழையில் நனைந்தது. வருகிற ஆவணியில் ஊருக்கு வருவதாகச் சுஜிந்தன் சொன்னான். ஆர்மோனியம் அக்கா வீட்டில்தான் கிடக்கிறது, துருத்தியை எலி கடித்துவிட்டது என்றான்.

அடுத்த நாள் மசூர் கடையைப் பூட்டிவிட்டு, ஆர்மோனியத்தை எடுத்துவந்து திருத்தக் கொடுப்பதற்காக ஆலையடிவேம்புக்குப் பஸ் ஏறினார்.