மிசியின் ரோஸ் பூச்சி

உர்சுலாவுக்கு வில்லன் வேஷம் மட்டும் சுத்தமாக வராது. மலேசியாவின் கிள்ளான் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒரு வருஷம் ஏரோது மன்னனாக ஒட்டுத்தாடியோடு மேடை ஏறினாள். பச்சைக் குழந்தைகளைக் கொல்ல உத்தரவு போடும் அந்தப் பாவி, உர்சுலாவின் புண்ணியத்தில் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தான். பிள்ளைகள் விசிலடித்து, இன்னொரு தடவை வரச் சொன்னார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அவளுக்கு ஆடு வேஷம்தான்.

மேடையில் பட்டவள் வேலையிலாவது திருந்தியிருக்க வேண்டாமா? எங்கே!

அவள் சுகாதாரத் தாதி, வயது ஐம்பத்திரண்டு. ஊரில் எல்லோருக்கும் 'மிசி'. கேரி தீவில் பூர்வக்குடிப் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் வயிற்றுப் பூச்சியைப் பற்றிப் பாடம் நடத்த அவளை அனுப்பினார்கள். சுவரொட்டி ஒன்றை மாட்டிவிட்டு வந்திருக்கலாம். அது அவள் ஜாதகத்திலேயே இல்லை. மகள் ஜெரால்டினின் பழைய ரோஸ் நிறத் திரைச்சீலையை வெட்டி, இரண்டு முழ நீளத்துக்கு ஒரு பூச்சி தைத்தாள். கைவிட்டால் வாய் திறக்கும். கண்ணுக்கு இரண்டு சட்டைப் பொத்தான்.

முதல் நாள் பூச்சி நகத்துக்குள் ஒளிந்தது, வெறுங்காலைத் தேடி மண்ணில் நெளிந்தது, சோப்பைக் கண்டு மயங்கி விழுந்தது. முப்பத்தோரு பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்கு 'சி கெமுக்' என்று பெயரும் வைத்தார்கள். மலாயில் குண்டன் என்று அர்த்தம். உர்சுலாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் வீடு திரும்பும்வரை பாடிக்கொண்டே வந்தாள்.

அங்கே மிடா என்றொரு எட்டு வயதுப் பெண். தட்டைத் துடைத்துத் தின்பாள், ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் எடைதான். மணி பத்தரை ஆனால் மேசைமேல் தலை சாய்ந்துவிடும். பரிசோதனையில் வயிறு முழுக்கப் பூச்சி. அந்தத் தூங்குமூஞ்சிக்காகவே உர்சுலா மாத்திரை கொடுக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. பெற்றோர் கையெழுத்து போட்டிருந்தார்கள், மாத்திரை தயார், மறுநாள் பள்ளி விடுமுறை. பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை.

"மாத்திரை தின்னா சி கெமுக் செத்துப் போயிடும்," என்றாள் மிடா மலாயில். பின்னாலிருந்து இரண்டு பேர் தேம்பினார்கள்.

வேன் ஓட்டும் நாகையா ஓரமாக நின்றார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நினைப்பவர். "ஏரோதுக்கே கைத்தட்டல் வாங்கிக் கொடுத்த ஆளு நீங்க," என்றார். "பேய் வேஷம் போட்டாலும் ஜனங்க கும்பிடுவாங்க லா."

உர்சுலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறக்க வைக்க வந்தவள் தானே பூட்டு போட்டுவிட்டோமே என்று அழுகை முட்டியது. அப்போது மணியடித்து, பலகாரத் தட்டுகள் வந்தன. மீ கோரேங் என்னும் வறுத்த நூடுல்ஸ், கூடவே அரை முட்டை. மிடா முட்டையைக் கடைசியில் தின்ன ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அதைப் பார்த்ததும் உர்சுலா பூச்சியின் வாய்க்குள் புதுப் பிளாஸ்டிக் பை ஒன்றைச் செருகி நாகையாவிடம் நீட்டி, மிடாவின் தட்டைக் கண்ணால் காட்டினாள்.

"எனக்கா? நான் டிரைவர் மிசி!"

"அதான் வேணும். உங்க மூஞ்சிய அப்படியே வச்சுக்குங்க அண்ணே."

நாகையா ஆடவில்லை, பாடவில்லை. ரோஸ் பூச்சி மெல்ல வந்து மிடாவின் மீயில் ஒரு வாய் எடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு வாய். மிடாவும் சிரித்தாள். அப்புறம் முட்டை.

"என் முட்டை!"

"உள்ளே இருந்துகிட்டு தினமும் இதைத்தான் செய்யுது," என்றாள் உர்சுலா. "நீ சாப்பிடுறே, அது கொழுக்குது."

மிடா எழுந்தாள். நாகையா ஓடினார். பூச்சியும் முட்டையுமாக அவர் முன்னால், முப்பத்தோரு பிள்ளைகள் பின்னால், திடலை மூன்று சுற்று! இரண்டாம் சுற்றில் அவருடைய ஒரு செருப்பு கழன்று பறந்தது. துரத்திய கூட்டம் சட்டென்று நின்று, "அங்கிள், செருப்பு! பூச்சி ஏறிடும்!" என்று அலறியது. அவர் திரும்பி வந்து மாட்டிக்கொண்டார். அப்புறம் மறுபடி துரத்தினார்கள். உர்சுலா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள்.

மூச்சிரைக்க முதலில் திரும்பியவள் மிடா. கையை நீட்டினாள். "மிசி, மாத்திரை." கடித்து மென்று விழுங்கினாள். மற்ற முப்பது பேரும் அப்படியே. சமையல்கார அக்கா தனியாக மூடி வைத்திருந்த தட்டை உர்சுலா மிடாவிடம் கொடுத்தாள், அதில் முழு முட்டை. கை கழுவின பிறகுதான்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது, பிள்ளைகளிடமே விட்டு வந்திருந்த சி கெமுக் பள்ளி வாசல் துணிக்கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கியது. மிடா ஓடி வந்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது.

"சோப்பு போட்டுக் கழுவினோம் மிசி. அதுக்குக் கை இல்ல. அதனால முழுசாக் குளிப்பாட்டிட்டோம்."

நாகையா பல் தெரியச் சிரித்துவிட்டார். உர்சுலா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே முக்கால். மிடா விழித்திருந்தாள்.