காரில் போன ரெண்டு சுற்று

எங்கள் பக்கம் காரே அபூர்வமாயிருந்த காலம். பெருநகர் கிராமத்துக்குப் போகும் சாலையில் ஒரு மில் முதலாளியின் கார் மோதி என் வலது கால் முறிந்தது. அலறலைக் கேட்டுப் பயந்த டிரைவர் என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார். அதுவரை காரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன் நான். மெத்தையில் சாய்ந்ததும் வலி பாதியாகிவிட்டது.

"ஆஸ்பத்திரி எங்க ஓடிப் பூடும்? ஊருக்குள்ள ஒரு சுத்து வுடு நைனா" என்றேன்.

அப்புறம் ஆறு மாதம் ஏர் பிடிக்க முடியவில்லை. நஷ்டஈடு வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில், காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டேன்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "கால் ஒடிஞ்ச ஆளு, ஊரை ஒரு சுத்து சுத்திட்டுத்தானே ஆஸ்பத்திரிக்குப் போனே?"

"ஒண்ணு இல்ல சாமி, ரெண்டு சுத்து. மொத சுத்துல என் பொண்டாட்டி வூட்ல இல்ல."

ஜட்ஜே சிரித்துவிட்டார். என் வக்கீல் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். கேட்டதில் சொற்பம்தான் கிடைத்தது.

மழைநாளில் இன்றும் அந்தக் கால் வலிக்கிறது. இரண்டாவது சுற்றில், இடுப்புக் குடத்தோடு ஓடிவந்து காருக்குள் என்னைக் கண்டு அவள் வாய்பிளந்து நின்றதை நினைத்துக்கொள்வேன். வலி பாதியாகிவிடும்.